கைப்பைக்குள் அடங்கும் இரும்பு

பெல்மாண்ட், போர்ட் ஆஃப் ஸ்பெயின்
6 ஆகஸ்ட் 2018

செல்வி ஜிசெல் நோரெய்கா அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். எர்மின் அல்சிண்டோருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது, ஆட்களை அடையாளம் தெரியவில்லை, கஞ்சி ஊட்ட ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் பெரியம்மா மெர்ல் சந்தையில் சொல்லி வருகிறார். புரூக்ளின் வரை அந்தச் செய்தி வந்திருக்கும். அதில் பக்கவாதம் ஒன்றுதான் உண்மை. மே மாதம் வந்தது, லேசாக வந்தது, வந்த வழியே பாதி திரும்பிப் போய்விட்டது. என் வாய் நேராக இருக்கிறது. சென்ற வியாழக்கிழமை மருந்துக் கடையில் மெர்லையே பார்த்தேன்.

"மிஸ் எர்மின், நீங்களா? எழுந்து நடக்கிறீங்களா?"

"இல்ல மெர்ல். தூக்கிட்டு வந்து இங்க நிக்க வச்சிருக்காங்க."

எனக்கு ஆட்களை அடையாளம் தெரிகிறது என்பதை அவர் அப்போது புரிந்துகொண்டிருப்பார்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். வலது கையில் குறையில்லை. இடது கையில் மூன்று விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அமுக்கச் சொன்னாள். நாய்க்குட்டிக்கு வாங்கிப் போடும் பந்து. கன்னியர் மடத்தில் படித்து, தபால் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எழுபத்தைந்து வயதுக்காரி அதை அமுக்கிக்கொண்டு உட்கார முடியாது என்று சொன்னேன். "அப்படின்னா மேசையில தாளம் போடுங்க மேடம், ஒவ்வொரு விரலா" என்றாள். போட்டேன். மேசை பதில் சொல்வதில்லை. நான் பலமாகத் தட்டினேனா மெதுவாகத் தட்டினேனா என்று அதற்கு அக்கறையில்லை.

ஜூலை கடைசி ஞாயிறு செய்தித்தாளில் உங்கள் படம் வந்திருந்தது. ஏதோ ஒரு விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலி கிடைக்கவில்லை போலும். மடியில் புத்தக அளவில் ஒரு கருவி, அதில் பதினாறு சதுரங்கள். அவற்றை விரலால் தட்டியே, பேருந்தோ விமானமோ, இருக்கிற இடத்திலிருந்து கார்னிவல் பாட்டுகளுக்குத் தாளம் அமைக்கிறீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு அப்படி ஒன்று வேண்டும். பலவீனமான விரலையும் மதிக்கிற கருவியாக இருக்க வேண்டும். என் கைப்பையில் அடங்க வேண்டும். உள்ளளவு பத்து அங்குலம் நீளம், ஏழு அங்குலம் அகலம். விளையாட்டுச் சாமானாக இருக்கக் கூடாது. எதை வாங்கலாம் என்று எழுதவும்.

நாம் அறிமுகமானவர்கள் இல்லை. மார்ச்சில் என் கணவர் செல்வினின் அடக்கப் பூசையன்று கடைசி வரிசையில் நீல உடுப்பில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். மற்றதை எழுத அவசியமில்லை. கருவியைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
திருமதி எர்மின் அல்சிண்டோர்


புரூக்ளின்
19 ஆகஸ்ட் 2018

மதிப்பிற்குரிய திருமதி அல்சிண்டோர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வாசலில் நின்றுகொண்டே.

எழுத அவசியமில்லை என்றீர்கள். யாராவது ஒருவர் எழுதிவிட்டால் பிறகு மற்றவற்றை எழுதுவது சுலபம், அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் உங்கள் கணவரின் மகள். உங்கள் வீட்டுக்கு வெளியே, இவோன் நோரெய்காவுக்குப் பிறந்தவள். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆயிற்று. இனி கருவி.

கடையில் மூன்று விதமானவை காட்டுவார்கள். பெரியது ஒன்று, எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும். நல்ல கருவிதான், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் உங்கள் தோள் போய்விடும். இன்னொன்றில் பியானோ கட்டைகளும் எட்டுச் சதுரங்களும் சேர்ந்து இருக்கும். மடத்தில் பியானோ படித்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை அரிக்கும். வாங்காதீர்கள். அதில் சதுரங்கள் சட்டைப் பொத்தான் மாதிரி சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது: பதினாறு சதுரங்கள் மட்டும், கொஞ்சம் மெத்தென்று, மெல்லியதாக, ஒற்றைக் கம்பியில் வேலை செய்வது. நான் பேருந்திலும் சமையல் மேடையிலும் அதைத்தான் வைத்து வேலை செய்கிறேன்.

வாங்குவதற்கு முன் தட்டிப் பாருங்கள். நல்ல விரலால் வேண்டாம், உங்களிடம் இருப்பதிலேயே மோசமான விரலால். சதுரத்தின் நடுவில் எல்லாக் கருவியும் ஒழுங்காகத்தான் இருக்கும். மூலையில் தட்டுங்கள். மெதுவாகத் தட்டியதற்கும் ஓங்கித் தட்டியதற்கும் வித்தியாசம் காட்டாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். ஒரு முறை தட்டினால் இரண்டு முறை என்று எண்ணிக்கொள்ளும் கருவிகளும் உண்டு, அவையும் வேண்டாம். கடைக்காரர் முன் கூச்சப்படாதீர்கள்.

என் பெரியம்மா, டான்டி மெர்ல், சொன்னதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். என்னிடம் சொன்னபோது கஞ்சி ஊட்டுகிறவர்கள் இரண்டு பேர்.

ஜிசெல்


பெல்மாண்ட்
3 செப்டம்பர் 2018

அன்புள்ள செல்வி ஜிசெல்,

எனக்குக் கூச்சம் என்ற பழக்கம் கிடையாது. ஹென்றி தெருவில் உள்ள இசைக்கருவிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு நகமும் ஒரு தேக்கரண்டி நீளம்.

"பேரனுக்கா டார்லிங்?"

"எனக்கு. என் பெயர் டார்லிங் இல்லை."

"உங்களுக்கா? மேடம் கார்னிவலுக்கு லாரியில ஏறப் போறீங்களா?"

"ஏறினா உங்களைக் கூப்பிட்டுத்தான் ஏறுவேன். அந்த அலமாரியத் திறங்க."

நீங்கள் எழுதியபடி மூன்று விதமும் இருந்தன. பெரியது எங்கள் அடுப்பு அளவு. பியானோக் கட்டை உள்ளதில், உங்கள் எச்சரிக்கையையும் மீறி, மாதா பாடல் ஒன்றில் எட்டு அடி வாசித்தேன். அந்தப் பெண் சூயிங் கம் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஆனால் சதுரங்கள் நீங்கள் சொன்ன பொத்தான்களேதான். மூன்றாவது வகையில் இரண்டு இருந்தன. மேலே ஒரு சிறு திரையில் அடியின் பலம் எண்ணாகத் தெரிந்தது. முதலாவது என் மோதிர விரலை மூலையில் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது பதினேழு என்று காட்டியது. மறுபடி தட்டினேன், இருபத்திரண்டு. மே மாதத்துக்குப் பிறகு அந்த விரலுக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை. வாங்கிவிட்டேன். கைப்பையில் செபப் புத்தகத்தையும் குடையையும் வைத்த பிறகும் இடமிருக்கிறது.

இனி என் புகார். வீட்டுக்கு வந்து, தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியைச் சொருகினேன். பதினாறு சதுரங்களும் கிறிஸ்துமஸ் மரம் போல எரிந்தன. தட்டினேன். ஒரு சத்தமும் வரவில்லை. பலமாகத் தட்டினேன். காதை வைத்துப் பார்த்தேன். கம்பியை மாற்றினேன். செல்வின் செய்வது போல அடியில் ஒரு தட்டும் தட்டினேன். இது ஊமை. கடைக்குக் கண்டனக் கடிதம் ஒன்று எழுதி அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் பரிந்துரைத்த வகை என்பதால், அனுப்புவதற்கு முன் உங்கள் விளக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
எர்மின் அல்சிண்டோர்


புரூக்ளின்
17 செப்டம்பர் 2018

அன்புள்ள மிஸ் எர்மின்,

கண்டனக் கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள். கடையின் மேல் குற்றமில்லை, என் மேல்தான். எனக்கு அது அவ்வளவு பழக்கமாகிவிட்டதால் சொல்லவே மறந்துபோனேன்: அந்தக் கருவிக்குச் சொந்தக் குரல் கிடையாது. நீங்கள் எப்போது தட்டினீர்கள், எந்தச் சதுரத்தில், எவ்வளவு பலமாக என்பதை மட்டும் அது இன்னொரு கருவிக்குச் சொல்லும். சத்தம் போடுவது அந்த இன்னொன்று. ஓய்வூதியர் சங்கத்தில் கொடுத்த டேப்லெட்டில் நீங்கள் செபமாலை கேட்பதாக டான்டி மெர்ல் சொன்னார். அது போதும். நடுவில் ஓர் இணைப்பி வேண்டும், அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். (கண்டனக் கடிதத்தை வைத்துக்கொள்கிறேன். "இந்தக் கருவி தன் கடமையை ஒளியோடு நிறுத்திக்கொள்கிறது" என்ற வரியை ஸ்டுடியோ சுவரில் ஒட்டியாகிவிட்டது.)

எந்தச் சதுரத்தில் என்ன ஒலி வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆயத்தமான டிரம் ஒலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உங்களுக்கு அவை வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

அப்பா அடித்த இரும்புத் தாளத்தின் ஒலி என்னிடம் இல்லை. அதாவது, இருக்கிறது, ஆனால் தனியாக இல்லை. எண்ணெய்ப் பீப்பாயில் செய்த நூறு ஸ்டீல் பான் மேளங்களுக்கு நடுவில், லாரி மேல், கூட்டத்தின் கூச்சலோடு எத்தனையோ பதிவுகளில் அவர் அடிக்கிறார்; அது அவர்தான் என்று எனக்குத் தெரியும்; ஆனால் வெட்டி எடுக்க முடியாது. அவர் தனியாக அடித்த பதிவு ஏதாவது உங்களிடம் உண்டா?

இன்னொன்று. என்னை நீ என்றே எழுதுங்கள். நீங்கள் என்று படித்தால் சுங்க அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது போல இருக்கிறது.

ஜிசெல்


பெல்மாண்ட்
1 அக்டோபர் 2018

அன்புள்ள ஜிசெல்,

நீ கேட்டது என்னிடம் இருக்கிறது. 1986இல் பதிவான ஒரு கேஸட். எங்கள் வீட்டு முன் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் செல்வின் தானாகப் பதிவு செய்தது. பழைய காரின் பிரேக் டிரம், இரண்டு இரும்புக் கம்பி, அவர் கை. வேறொன்றும் கிடையாது. வீட்டில் நான் இருக்கும்போது அதை உள்ளே கொண்டுவர அனுமதித்ததில்லை. நான் இருக்கும்போது அவர் தட்டியதெல்லாம் சூப் கரண்டி, சோப்புப் பெட்டி, மேசை விளிம்பு, கேட்டுக் கம்பி. நாற்பத்தெட்டு வருடம் "போதும் செல்வின்" என்று சொன்னேன். இப்போது போதும் என்று சொல்ல எதுவும் இல்லை.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால் துறையை எனக்குத் தெரியும், அதனால் பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன். இதற்கு நகல் கிடையாது.

முதல் பதினோரு நிமிடம் போதுமானது. அதற்குப் பிறகு உள்ளது கருவிக்குத் தேவையில்லை.

அன்புடன்,
எர்மின்


புரூக்ளின்
26 அக்டோபர் 2018

மிஸ் எர்மின்,

கேஸட் வந்து சேர்ந்தது. முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு நிமிடத்திலிருந்து பதினாறு அடிகளைத் தேர்ந்து வெட்டியிருக்கிறேன். விளிம்பில் அடித்தது ஆறு, நடுவில் அடித்தது ஐந்து, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு அடித்த செத்த அடி மூன்று, கம்பியால் சும்மா உரசியது இரண்டு. எல்லாம் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. இணைப்பியும் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் நான் இருக்கிறேன்.

"டாடி, இப்ப நான். டாடி, குடு. நீயே அடிக்கிற."

"கம்பிய இறுக்கிப் பிடிக்காதடி கண்ணு. தளர்த்திப் பிடி. கையில கோழிக்குஞ்சு இருக்கிற மாதிரி."

அப்புறம் கோணல்மாணலாக ஒன்பது அடி. அப்புறம் அவர் சிரிக்கிறார். அப்புறம் கேட் திறக்கும் சத்தம், "ஷ், வா வா", கேஸட் முடிகிறது. என்னைப் பின்வாசல் வழியாக, துவைக்கிற தொட்டியைத் தாண்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. வேலி இடுக்கில் தொப்பி வைத்த ஒரு பெண்மணி உள்ளே வருவதைப் பார்த்தேன். அவர் யார் என்று கேட்டேன். டாடி இன்னும் வேகமாக நடந்தார்.

ஆக, உங்களுக்கு 1986லேயே தெரியும்.

மார்ச் மாதம் நான் மயாமி விமான நிலையத்தில் இருந்தேன். போனில் நம் ஊர் வானொலியைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது என் வழக்கம். மடியில் அந்தக் கருவி. மரண அறிவிப்புகள் வந்தன. "பெல்மாண்ட், செல்வின் அல்சிண்டோர், இரும்படி மன்னர். எர்மினின் கணவர்." ஐந்து சகோதரர்கள் பெயர் வந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பதினான்கு பேரின் பெயரும் வந்தது. பான் குழுத் தோழர்கள், மருந்துக் கடைக்காரர், எதிர்வீட்டு நல்ல நண்பர், டொரொண்டோவில் உள்ள பழைய அண்டைவீட்டுக்காரர். நான் விரலைச் சதுரத்தின் மேல் வைத்தபடி காத்திருந்தேன். கடைசியில் அந்த வாசிப்பவர் நிதானமாகச் சொன்னார்: "அவருக்குப் பிள்ளைகள் இல்லை."

அப்பா செத்துவிட்டார் என்பதையும், எந்தக் கோயில், எத்தனை மணிக்கு என்பதையும் நான் தெரிந்துகொண்டது அந்த அறிவிப்பிலிருந்துதான். எனக்கு வந்த அழைப்பு அதுதான்.

நீங்கள் கருவி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். கேஸட்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். இனி எழுத வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜிசெல் நோரெய்கா


பெல்மாண்ட்
9 நவம்பர் 2018

அன்புள்ள ஜிசெல்,

உன் கடிதத்தில் திருத்துவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறு நான் உள்ளே வந்தபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு தம்ளர் மாபி மரப்பட்டைப் பானம் இருந்தது. ஒன்று பாதி மிச்சம். விளிம்பில் சின்ன வாயின் தடம். எதிர்வீட்டுக்காரன் வந்துவிட்டுப் போனான் என்றார் செல்வின். சரி என்றேன். இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போன பிறகு கேஸட்டைப் போட்டுக் கேட்டேன். அதன் பிறகு எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. மசாலா டப்பாவுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிறவள், கேஸட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அனுப்புவாளா? பதினோரு நிமிடம் போதும் என்று நான் எழுதினால் நீ பன்னிரண்டாவதையும் கேட்பாய் என்று தெரியும். நேரே எழுத எனக்கு வரவில்லை.

அந்த அறிவிப்பு நான் கொடுத்தது. வானொலி நிலையத்துக்கு நானே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை வாசித்துக்கொண்டே வந்தாள்.

"பிள்ளைங்க?"

"இல்ல."

"இல்லைன்னா அந்த இடத்த அப்படியே விட்டுடலாம் மேடம். இல்லைன்னு யாரும் போடறதில்ல."

"போடுங்க" என்றேன்.

அதனால் மறந்துபோயிற்று என்றோ, துக்கத்தில் தெரியாமல் நடந்தது என்றோ நான் சொல்ல முடியாது. அந்தப் பெண் எனக்கு வழி விட்டாள். நான் அதில் போகவில்லை.

1974இல் டாக்டர் எனக்குப் பிள்ளை பிறக்காது என்று சொன்னார். எங்களுக்கு என்று சொல்லவில்லை, எனக்கு என்றுதான் சொன்னார். ஆனாலும் வெளியில் யாருக்கும் அது தெரியாது. ஆறு வருடம் கழித்து நீ பிறந்தாய், குறை எங்கே என்று பெல்மாண்ட் முழுவதும் தெரிந்துபோயிற்று. ஒரு வார்த்தை பேசாமல், தொப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் செத்த பிறகு, ஒரே ஒரு வரியில், அவரும் என்னைப் போலவே இருக்கட்டும் என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். அவர் சின்ன வயதுக்காரர், விஷயத்தின் அளவு அவருக்குப் புரியவில்லை.

மார்ச்சில் ஓராண்டு நினைவு வருகிறது. மறுபடியும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். மகள் என்று உன் பெயரை முதலாவதாக வாசிக்கச் சொல்கிறேன்.

பென் டிரைவை இன்னும் திறக்கவில்லை. உன் கோபம் அதில் உள்ள உன் உழைப்பையும் சேர்த்துத் திரும்பக் கேட்டால் அனுப்பிவிடுகிறேன்.

எர்மின்


புரூக்ளின்
2 டிசம்பர் 2018

அன்புள்ள மிஸ் எர்மின்,

மூன்று வாரம் எழுதவில்லை. கோபம் மட்டும் காரணமில்லை. ஜமைக்காவுக்கும் பார்படோஸுக்கும் குழுவோடு போக வேண்டியிருந்தது.

வானொலியில் என் பெயர் வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அன்று டான்டி மெர்ல் ரேடியோவை ஜன்னலில் வைத்துத் தெருவுக்கே கேட்க வைப்பார். என் அம்மா போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. அவர் பெயரை மறுபடியும் எல்லோரும் வாயில் போட்டு மெல்ல வேண்டாம். நீங்கள் ஊருக்குச் சொன்னதை ஊருக்கே மாற்றிச் சொல்லலாம். அதில் எனக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. "போடுங்க என்றேன்" என்று நீங்கள் என்னிடம் எழுதினீர்களே, அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. அந்த வரியை மடித்து வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. அங்கிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

பென் டிரைவைத் திறங்கள். டேப்லெட்டில் எதைத் தொட வேண்டும் என்று தனித்தாளில் படம் வரைந்திருக்கிறேன். உங்கள் இடது கைக்காக மெதுவான நான்கு அடிகளைக் கீழே இடது மூலையில் வைத்திருக்கிறேன். பென் டிரைவில் உள்ள அமைப்பிலேயே அந்தச் சதுரங்களைக் கொஞ்சம் இளக்கியும் விட்டிருக்கிறேன், மோதிர விரல் பதினைந்து வாங்கினாலும் பேசும். நீங்கள் தட்டியதை டேப்லெட்டில் உள்ள இசைச் செயலி பதிவு செய்யும். பதிவான பிறகு "நேரம் திருத்து" என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தொட்டால் அடிகளையெல்லாம் அளவுகோல் வைத்தது போல வரிசைப்படுத்திவிடும். தொடாதீர்கள். அப்பாவின் இரண்டாவது அடி எப்போதும் மயிரிழை பிந்தித்தான் விழும். பான் வாசிக்கும் நூறு பேரும் அந்த இடைவெளியில்தான் நிற்பார்கள்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த அப்பா ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் உள்ளவர். நீங்கள் பூசையில் இருந்த நேரத்து அப்பா. மற்ற நேரத்தில் அவர் எப்படி இருந்தார்? செவ்வாய்க்கிழமை என்ன செய்வார்? என்ன சாப்பிட மாட்டார்?

கார்னிவல் வேலைக்காகப் பிப்ரவரி இருபதாம் தேதி வாக்கில் அங்கே வருகிறேன். குழுவோடு ஹோட்டலில் தங்குவேன்.

ஜிசெல்


பெல்மாண்ட்
6 ஜனவரி 2019

என் அன்புள்ள ஜிசெல்,

மூன்று அரசர் திருநாள் வாழ்த்துகள். உன் படத்தைப் பார்த்துப் பார்த்து டேப்லெட்டை ஒரு முழு முற்பகலில் ஒழுங்குபடுத்தினேன். நீ நன்றாக வரைகிறாய், எழுத்துதான் கோழி கிளறியது போல இருக்கிறது.

முதல் அடி விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் கூடத்தில் இருக்கிறார் என்று என் உடம்பு நினைத்துக்கொண்டது. பிறகு உட்கார்ந்தேன். தினமும் காலை உணவுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். மருத்துவமனைக்கும் கைப்பையில் எடுத்துப் போகிறேன். பந்து கொடுத்த பெண் "மேடம், இது என்ன மெஷினு?" என்றாள். "என் கணவர்" என்றேன். அதற்குப் பிறகு அவள் பந்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நாற்காலியில் கால் விழுந்துபோன ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கிறார், நல்ல காலால் தரையில் என்னோடு சேர்ந்துகொள்கிறார். அவருக்குத் தாளம் சுமார். மோதிர விரல் நாற்பது வரை வந்திருக்கிறது. சுண்டு விரல் இன்னும் சோம்பேறி.

தொடாதே என்று நீ எழுதிய பொத்தானைத் தொட்டேன். என்னிடம் அப்படி எழுதியிருக்கக் கூடாது. எல்லா அடிகளும் நேராக நின்றன, மடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல. தப்பே இல்லை. அதில் செல்வினும் இல்லை, நானும் இல்லை. நாற்பத்தெட்டு வருடம் அவருடைய காலரை, பேச்சை, கத்தி பிடிக்கும் விதத்தை நான் திருத்தினேன். வெளியே போய் அடித்துவிட்டு வந்தாரே, அங்கே மட்டும் என் கை எட்டவில்லை. பழையபடி மாற்றிவிட்டேன். நான் தட்டியதைத் திருத்தாமல் பதிவு செய்து, மருந்துக் கடைப் பெண்ணின் உதவியோடு உன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். இடது கை தடுமாறும் இடங்கள் எனக்கே தெரியும், அவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அவர் கோழிக்கூடு கழுவுவார், கழுவிவிட்டு அரை மணி நேரம் முதுகு வலி என்பார். வெண்டைக்காய் சாப்பிட மாட்டார். கல்லலூக் கீரைக் கூட்டில் போட்டு மசித்துவிட்டால் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்பார். பல்லிக்குப் பயம். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. ஏழு மணிச் செய்தி வாசிப்பவரோடு வாதாடுவார். என் அம்மா என்னிடம் பேசாமலிருந்த ஒன்பது வருடமும் அவள் பிறந்தநாளுக்கு ஒரு கேக்கை வாசலில் வைத்துவிட்டு மணி அடித்து ஓடி வருவார். உன் படம் ஒன்று அவர் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருந்தது, பள்ளிச் சீருடையில், முன் பல் இல்லாமல். நான் அதை எடுத்துப் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். திரும்ப அதே இடத்தில் வைப்பேன் என்றும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்படி எழுதிக்கொண்டே போனால் தாள் போதாது. எழுதுவதில் சரியாகவும் வரவில்லை. அவர் செய்தியோடு வாதாடியது எப்படி என்று குரலில்தான் காட்ட முடியும்.

கிழக்குப் பக்க அறையைப் பெருக்கி, ஜன்னலுக்கு எண்ணெய் போட்டாயிற்று. மெத்தை புதியது. கார்னிவல் வேலை என்றால் நேரம் கெட்ட நேரத்தில் வருவாய், போவாய். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, குளித்துவிட்டு மேசைக்கு வந்தால் போதும். நீ இங்கே இருக்கும் ஞாயிறுகளில் நான் ஆறு மணிப் பூசைக்குப் போய்விடுகிறேன். பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன்.

ஹோட்டலை விட்டுவிட்டு இங்கே வந்து தங்குவாயா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும், எந்தத் தேதி, எத்தனை நாள் என்பதைத் தொலைபேசியிலோ மெர்ல் மூலமாகவோ சொல்லி அனுப்பாமல், எனக்குக் கடிதமாக எழுது.

அன்புடன்,
எர்மின்